வீட்டில் கேட்காத கேள்வி

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தங்கச்சிகளே, பாடம் நடத்த எனக்குத் தகுதி கிடையாது. நான் படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவள். பிரிக்ஃபீல்ட்ஸில் கடைகளுக்கு மேல் மாடியில் இருக்கிற அந்தப் பராமரிப்பு இல்லத்தில்தான், இப்போது நீங்கள் நிற்கிற அதே இடத்தில்தான், சில வருஷம் வேலை செய்தேன். இப்போது ஒரு துணிக்கடையில் சேலை மடித்து வைக்கிறேன். இந்த வயதில் என்னை ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அந்த வேலைக்கு நான் திரும்பி வரப் போவதில்லை, அதனால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு வேலை செய்த மலாய்க்கார அக்கா போன வாரம் கடைக்கு வந்தார். சேலை வாங்க வரவில்லை. புதுப்பிள்ளைகள் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், கெட்டிக்காரிகள், ஆனால் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்க மாட்டேன் என்கிறார்கள், தமிழில் நீ ஏதாவது எழுதிக் கொடேன் என்றார். அதற்காகத்தான் இது.

எந்தக் கேள்வி என்று உங்களுக்கே தெரியும். வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டு வருகிறவரிடம் காலையில் எழுந்ததும் நாம் கேட்க வேண்டிய கேள்வி. காற்று பிரிந்ததா, வெளிக்குப் போனதா என்பது.

எனக்கும் வாய் வரவில்லை. நான் முதலில் கேட்டது ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியரிடம். குடலில் ஒரு துண்டை எடுத்திருந்தார்கள். வெள்ளை பனியன் போட்டுக்கொண்டு, கட்டிலில் கூட நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். நான் குனிந்து, ரகசியம் சொல்வது போல, "சார், காத்து போச்சா சார்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீ யாரு வீட்டுப் பொண்ணு? உங்க அப்பாகிட்ட இப்படிக் கேப்பியா நீ?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்த மலாய்க்கார அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார். கதவருகே நின்று காது கொடுத்தேன். "அங்கிள், சுடா கெந்துட்?" என்று மீன் விலை கேட்பது போல சத்தமாகக் கேட்டார். குசு விட்டாச்சா என்று அர்த்தம். தமிழில் எழுதவே எனக்குக் கை கூசுகிறது, பாருங்கள். அந்தப் பெரிய மனுஷன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சுடா, சுடா, டுவா காலி!" என்றார். ஆச்சு ஆச்சு, இரண்டு தடவை. பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி இரண்டு விரலை வேறு காட்டினார்.

அக்கா வெளியே வந்து, உங்கள் ஆட்களிடம் என் பாஷையில் கேள், என் ஆட்களிடம் இங்கிலீஷில் கேள், அடுத்தவர் பாஷையில் வெட்கம் குறைவு என்றார். அன்றிலிருந்து நான் அப்படித்தான் செய்தேன். அந்த மாடி முழுக்க எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். தமிழ் ஆன்டிகளிடம் மணிக்கணக்காகத் தமிழில் கதை பேசுவேன், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மலாய்க்குத் தாவிவிடுவேன். அவர்களும் தாவிப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பத் தமிழுக்கு வந்துவிடுவார்கள். இது எந்தப் பயிற்சியிலும் சொல்லிக் கொடுக்காத வழி. வைத்துக்கொள்ளுங்கள், உதவும்.

ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். வயிற்றைத் திறந்து மூடினால், உள்ளே புண் ஆறும்போது குடல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளலாம். பசை காய்ந்தால் நூல் நூலாக நிற்குமே, அந்த மாதிரி. பல பேருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சில பேருக்கு வருஷக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, ஒரு நாள் குடல் அதில் மாட்டி மடங்கிக்கொள்ளும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயை மடக்கிப் பிடித்த மாதிரி. மேலே இருப்பது கீழே போகாது. வயிறு உப்பும், வாந்தி வரும், காற்றுகூடப் பிரியாது. சீக்கிரம் போனால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, வாயில் ஒன்றும் கொடுக்காமல் வைத்திருந்தே சில பேருக்குச் சரியாகிவிடும். நேரம் போனால் அந்த இடத்துக் குடலுக்கு ரத்தம் போகாமல் செத்துவிடும்.

எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தது மட்டுமில்லை, ஒரு தடவை இதில் கெட்டிக்காரி என்று பெயரும் வாங்கினேன்.

கம்போங் மேடானிலிருந்து ஓர் ஆன்டி வந்திருந்தார். கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷன். எல்லாரிடமும் சிரித்துப் பேசுவார். நான் கேட்டால் மட்டும், "ஓ, அதெல்லாம் ஆச்சு ஆச்சு" என்று கையை ஆட்டுவார். ஒரு நாள் மதியம் சொந்தக்காரர்கள் பிரியாணியோடு வந்தார்கள். போர்வையைச் சரி செய்யும்போது என் கை அவர் வயிற்றில் பட்டது. மேளம் மாதிரி இறுகி இருந்தது. நான் பிரியாணியை எடுத்து மேலே வைத்துவிட்டு, தண்ணீரும் வேண்டாம் என்றேன். அவர் மகளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஹலோ, நீங்க என்னா டாக்டரா? கழுவி விடுற வேலைதானே பாக்குறீங்க?"

"டாக்டர் வரட்டும்க்கா. அவர் சொன்னா நானே ஊட்டி விடுறேன்."

"எங்கம்மா பசியில கெடக்கணுமா?"

"கெடக்கட்டும்க்கா."

எப்படி அப்படிப் பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அவர் மருமகனை வெளியே நிற்கச் சொன்னேன். அவர் போனதும் அந்த ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மூணு நாளா ஒண்ணும் ஆகலம்மா. மாப்பிள்ளை எந்நேரமும் இங்கயே உக்காந்திருக்காரு. நான் எப்படிச் சொல்லுவேன்?" ஆம்புலன்ஸ் வந்தது. பிழைத்துவிட்டார். பிறகு அந்த மகள் ஒரு பெரிய கேக்கோடு வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

இந்தக் கதையோடு முடித்திருந்தால் உங்களுக்கு நல்ல அக்காவாக இருந்திருப்பேன்.

இனி எங்கள் வீட்டுக் கதை. என் அப்பா கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு விபத்தில் ஸ்டீரிங் வயிற்றில் இடித்துக் குடல் கிழிந்தது. தொப்புளுக்கு மேலிருந்து கீழே வரை ஒரு நீளத் தழும்பு. சில வருஷம் கழித்துக் குடல் ஒரு முறை மாட்டிக்கொண்டது. மூக்கில் குழாய் விட்டே சரி செய்தார்கள். "மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்ட மாதிரி போட்டுட்டாங்கடா" என்று வந்தவர்களிடமெல்லாம் சிரித்தார். எதற்காகப் போட்டார்கள் என்று யாராவது கேட்டால், வெறும் வயிற்று எரிச்சல் போல, "கேஸ்ட்ரிக்" என்பார்.

அதற்குப் பிறகு அவர் சாப்பாடு மாறிவிட்டது. கொஞ்சமாக, மெதுவாக, மென்று மென்று. முருங்கைக்காய், நார் உள்ள மாம்பழம், ஆரஞ்சுச் சுளையின் தோல் எல்லாம் ஒதுக்கிவிடுவார். எப்போதாவது வலி வரும். சட்டையைக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். சரியானதும் எழுந்து லோரிக்குப் போவார். அந்த வயிற்றைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசியதில்லை.

நான் இந்த வேலைக்குப் போகிறேன் என்றதும் அப்பா சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்தார்.

"எவன் எவனோ பீய அள்ளுறதுக்கா உன்னைப் பெத்தேன்?"

"வேற வேலை கெடைக்கலப்பா."

"கெடைக்கலன்னா வீட்ல இரு."

அம்மா நடுவில் புகுந்து ஒரு வழி செய்தார். கேட்பவர்களிடம் 'கிளினிக்கில் வேலை' என்று சொல்வது. நான் வந்ததும் நேராகக் குளியலறை. என் சீருடைக்குத் தனி வாளி. சாப்பாட்டு மேசையில் அந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. நான் ஒத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. காஜாங்கில் இருக்கிற அத்தை பிள்ளைகள் என்னை 'நர்ஸம்மா' என்று கூப்பிடுவார்கள். நான் திருத்தியதே இல்லை. வாசலில் செருப்போடு அந்த வேலையையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவேன்.

அந்த அத்தை, அப்பாவின் தங்கச்சி. அவர் மகனுக்கு நிச்சயதார்த்தம், ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமையே அப்பா முகம் சரியில்லை. ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, "கெளம்புங்க, தாய்மாமன் லேட்டா போனா நல்லா இருக்குமா?" என்று எங்களுக்கு முன்னால் காரில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மண்டபத்தில் அத்தை சாப்பாட்டு வரிசையில் அவரைப் பிடித்துக்கொண்டார். "என்னாண்ணே, குருவி மாதிரி கொத்துறீங்க? மட்டன் பெரட்டல் நானே நின்னு செய்யச் சொன்னேன். என் மகன் விசேஷத்துல வயிறார சாப்பிடலன்னா நான் பேசமாட்டேன்."

"சாப்பிடுறேன்லா, வையி."

அப்பா சாப்பிட்டார். முருங்கைக்காயையும் சாப்பிட்டார். தங்கச்சி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார் அல்லவா.

பிறகு கழிப்பறைக்குப் போனார். வந்தார். திரும்பப் போனார். திரும்பி வந்தபோது பெல்ட்டைத் தளர்த்தியிருந்தார். நான் பார்த்தேன். அந்த நடையை எனக்குத் தெரியும். வயிற்றை யாரும் தொட்டுவிடக் கூடாது என்பது போல, உடம்பை முன்னால் வளைத்து நடக்கிற நடை. எங்கள் மாடியில் தினம் பார்ப்பது. எழுந்து போய் வழியில் நின்றேன்.

"என்னப்பா செய்யுது?"

"ஒண்ணும் இல்ல. போ, போய்ச் சாப்பிடு."

கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. அந்த நேரம் அத்தை மகள் பின்னால் வந்து என் தோளில் கை போட்டாள். "என்னாடி நர்ஸம்மா, மாமாவுக்கு இங்கயே பிரஷர் பாக்கப் போறியா?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ஐஸ்கிரீம் எடுக்கப் போனேன்.

தங்கச்சிகளே, கேக் கதையைக்கூட மறந்துவிடுங்கள், இந்த ஐஸ்கிரீமை மறக்காதீர்கள். அந்த ஆன்டிக்காக மருமகனை வெளியே அனுப்பத் தெரிந்த எனக்கு, என் அப்பாவுக்காக நாலு பேரைத் தள்ளி நிற்கச் சொல்ல வாய் வரவில்லை.

திரும்பி வரும்போது நான்தான் கார் ஓட்டினேன். அம்மா பின்னால் உட்கார்ந்துகொண்டு, சீட்டுக்கு மேலே கையை நீட்டி அப்பா வயிற்றில் தைலம் தேய்த்துக்கொண்டே வந்தார். "காத்துதான். ஏப்பம் வந்தா விட்டுடும்." காற்று என்ற வார்த்தை அந்தக் காரிலேயே இருந்தது. கீழே பிரிந்ததா என்று கேட்க எனக்கு இன்னும் ஒரே ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. நான் ரேடியோவைப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வாந்தி எடுக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்கக் கூடாது என்று. ஆனால் கேட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போலாம்பா" என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். "காலையில பாக்கலாம்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. நான் இன்னொரு தடவை சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போய்விட்டேன். ஆமாம், போனேன். வழக்கம்போலக் கிள்ளானிலிருந்து ரயில் ஏறிப் போய், முதல் கட்டிலில் இருந்தவரிடம் கேட்டேன். சுடா கெந்துட்? சுடா. அடுத்தவர் ஒரு பாட்டையா. அவரிடம் கேட்கக் குனிந்தேன். அவர் அப்பாவைப் போலவே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். படிக்கட்டுக்கு ஓடி வந்து அம்மாவுக்கு போன் போட்டேன்.

"அப்பா எப்படிம்மா இருக்காரு?"

"வலின்னு கத்தல. சும்மாதான் படுத்திருக்காரு."

"எழுந்து உக்காந்தாரா?"

"அசையவே மாட்டேன்றாரு. தொட்டா கையத் தட்டி விடுறாரு."

விட்டு விட்டு வருகிற வலி, நிற்காத வலியாக மாறி, ஆள் அசையாமல் கிடந்தால் இனி ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. இதை உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். நானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அம்மா போனில், "ஆம்புலன்ஸ் வேணாம்டி, ஃப்ளாட்டே எட்டிப் பாக்கும்" என்றார். பார்க்கட்டும் என்று அப்போதுதான் கத்தினேன். ஒரு நாள் லேட்டாகக் கத்தினேன்.

நான் சீருடையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அப்பாவை அவசரப் பிரிவில் படுக்க வைத்திருந்தார்கள். சின்ன வயது டாக்டர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். எப்போது சாப்பிட்டார், எப்போது வாந்தி, கடைசியாக எப்போது காற்று பிரிந்தது, வெளிக்குப் போனது?

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "நோர்மல் டாக்டர். எல்லாம் நோர்மல்" என்றார்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மகள் பக்கத்தில் நிற்கிறாள், அதனால்.

நான் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். அப்பா என்று கூப்பிட்டால் கேட்க முடியாது என்று தெரிந்தது. மாடியில் எப்படிக் கூப்பிடுவேனோ அப்படிக் கூப்பிட்டேன்.

"அங்கிள். சுடா கெந்துட்?"

அப்பா கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சீருடையைப் பார்த்தார். அவர் அதை ஈரமாகக் கொடியில் தொங்கும்போதுதான் பார்த்திருக்கிறார்.

"பெலும்" என்றார். இன்னும் இல்லை.

எப்போதிலிருந்து என்று மலாயிலேயே கேட்டேன். சனிக்கிழமை மதியத்திலிருந்து என்று மலாயிலேயே சொன்னார். துறைமுகத்தில் ஆபீசர் கேட்டால் பதில் சொல்வாரே, அந்தக் குரல். டாக்டர் உடனே யாரையோ கூப்பிட்டார். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் முன்னால் கொஞ்ச நேரம் கிடைத்தது. மூக்கில் அதே குழாய். அப்பா தமிழுக்குத் திரும்பி வந்திருந்தார்.

"எல்லாருகிட்டயும் இப்படித்தான் கேப்பியா?"

"ஆமாம்பா."

"திட்டமாட்டானுங்களா?"

"கொஞ்சம் பேரு திட்டுவாங்க."

சிரிக்கப் பார்த்தார், வலித்தது போல. "நல்லாத்தான் கேக்குற" என்றார்.

அதுதான் கடைசி. குடலில் பெரிய பகுதி கறுத்துப் போயிருந்தது. வெட்டி எடுத்தார்கள். ஆனால் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் கண் திறக்கவில்லை, அந்த வாரத்திலேயே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமையே கொண்டுவந்திருந்தால் என்று நான் டாக்டரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவர் நல்லவர், எனக்காக அப்படிச் சொன்னாரா, நிஜமாகவே அப்படித்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் என்ன ஆனது என்று கேட்டார்கள். அம்மா, "ஹார்ட்" என்றார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். மாரடைப்பில் செத்தால் யாரும் அதற்கு மேல் கேள்வி கேட்பதில்லை. குடல் என்று சொன்னால் எப்படி, எதனால், வெளிக்குப் போகவில்லையா என்று வரும். அத்தை என் மடியில் விழுந்து அழுதார். "கடைசியா என் கையால வயிறார சாப்பிட்டாரேடி எங்கண்ணன். அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்." ஆமாம் அத்தை என்றேன். அவர் சாப்பாட்டால் அப்பா சாகவில்லை. எங்கள் எல்லாருடைய வெட்கமும் சேர்ந்து அவரை அந்த ஒரு நாள் வீட்டிலேயே வைத்துக்கொண்டது. அந்தக் கூட்டத்தில் விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்தி. அதனால் என் பங்குதான் பெரியது.

வேலைக்குத் திரும்பி வந்து பார்த்தேன். ஒவ்வொரு கட்டிலிலும் கேட்கும்போது, 'பெலும்' என்று அப்பா குரலில் கேட்டது. விட்டுவிட்டேன். இப்போது யாராவது கேட்டால் அம்மா பொய் சொல்ல வேண்டியதில்லை, துணிக்கடை வேலை என்று சொல்லலாம். அதற்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அந்த மாடியில் கேட்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது ஒரு வாரத்தில் பழகிவிடும், அக்கா பழக்கிவிடுவார். வீட்டுக்குப் போகும்போது அந்தக் கேள்வியையும் கூட எடுத்துக்கொண்டு போங்கள். எந்தப் பாஷையில் என்றாலும் பரவாயில்லை.

முந்தாநாள் நானும் அம்மாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அதே மேசை. அப்பா நாற்காலியில் அம்மா துவைத்த துணிகளைப் போட்டு வைத்திருந்தார். காலியாகத் தெரியக் கூடாது என்று நினைக்கிறேன். வெறும் ரசமும் முட்டையும்தான். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"ஏன்டி."

"என்னம்மா?"

"எனக்கு ரெண்டு நாளா வெளிய போகல." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தமிழில்தான் சொன்னார். "உன்னைப் பெத்தப்ப என்னையும் கீறித்தானே எடுத்தாங்க. அதான் சொல்லி வைக்கிறேன்."

என் வாயில் சோறு இருந்தது. விழுங்கிவிட்டுக் கேட்டேன்.

"காத்து பிரியுதாம்மா?"

"அது பிரியுது."

"வயிறு வலிக்குதா? உப்புசம்?"

"இல்ல."

"சரி. சாப்பிடுங்க. நாளைக்கும் கேப்பேன்."

"கேளு" என்றார் அம்மா.